தானாக நூல் வெட்டும் தையல் மெஷின்: சீருடைக் கடைக்கு ஒன்று போதும், ரவிக்கைக் கடைக்கு அவசரமில்லை

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கம் நாலைந்து மெஷின் போட்டுத் தைக்கும் கடைகள் பழைய மெஷினை மாற்ற நினைத்தால், மெஷின் விற்பவர் முதலில் காட்டுவது தானாக நூல் வெட்டும் இந்த வகைதான். மோட்டார் தலைக்குள்ளேயே இருக்கும், பெல்ட் கிடையாது. குதிகாலால் பெடலைப் பின்னுக்கு மிதித்தால் மேல்நூல், பாபின் நூல் இரண்டும் ஊசித்தட்டுக்குக் கீழே அறுந்து, ஊசி மேலே வந்து நிற்கும். தொடக்கத்திலும் முடிவிலும் தையல் பிரியாமலிருக்க முன்னும் பின்னும் போடும் கட்டுத்தையலும் தானாகவே விழும்.

விற்பவர் சொல்லும் வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நூல் வெட்டாத பழைய ஜூக்கி டிடிஎல்-8700கூட நிமிடத்துக்கு 5,500 தையல் வரை ஓடக்கூடியது. காலர் முனையிலும் பாக்கெட் மூலையிலும் அந்த வேகத்தைத் தொடுவதற்குள் தையலே முடிந்துவிடும். கூடுதல் பணம் போவது நூலை வெட்டும் கத்திக்கு. அதனால் கத்தி எத்தனை தடவை வேலை செய்யும் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

பள்ளிச் சட்டை ஒன்றுக்கு 30 இடத்தில் நூல் வெட்ட வேண்டியிருக்கிறது, அதில் 20 காலர், கஃப், பாக்கெட், பட்டன்பட்டி போன்ற குட்டைத் தையல்களில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கத்தரியை எடுத்து வெட்டி வைக்க 4 நொடி. நாளுக்கு 40 சட்டை என்றால் அந்த 20 வெட்டுகளில் மட்டும் 53 நிமிடம் மிச்சம். மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டை 26 நாள், 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 8.17 ரிங்கிட். மாதத்துக்குச் சுமார் 190 ரிங்கிட் தேறுகிறது. மெஷின் விலையை இந்தத் தொகையால் வகுத்தால் எத்தனை மாதத்தில் போட்ட பணம் திரும்பும் என்பது தெரியும். நாலு மெஷினையும் மாற்றினால் மீதி 10 வெட்டுகள்தான் கூடுதலாகக் கிடைக்கும், செலவோ நாலு மடங்கு. ஒன்றை வாங்கி, குட்டைத் தையலை எல்லாம் அதில் தைக்கக் கொடுங்கள். ரவிக்கைக் கடையில் நாளுக்கு 6 ரவிக்கை, ஒன்றுக்கு 15 வெட்டு என்றால் மிஞ்சுவது 6 நிமிடம். அதற்காக இதை வாங்க வேண்டாம்.

ரவிக்கைக்காரர்களுக்குப் பழைய மெஷினில் சர்வோ மோட்டார் மாட்டுவதே மேல். பழைய மெஷினில் இருக்கும் கிளட்ச் மோட்டார் மிதிக்காத நேரத்திலும் சுற்றிக்கொண்டே மின்சாரம் தின்னும். சர்வோ மிதித்தால் மட்டும் ஓடும், வேகத்தைக் குறைத்துப் பூட்டியும் வைக்கலாம், புதிதாகக் கற்றுக்கொள்பவர் கைக்கு அது பெரிய உதவி. மேசைக்கடியில் மூன்று போல்ட்தான். இரண்டு புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், பெல்ட்டை நடுவில் விரலால் அமுக்கினால் ஒரு செ.மீ. அளவு உள்ளே போக வேண்டும். முதல் ஓட்டத்துக்கு முன் சுழலும் திசையைச் சரிபாருங்கள்.

இனி நூல்வெட்டில் வரும் கோளாறுகள். அதிகம் வருவது, வெட்டியபின் அடுத்த தையல் தொடங்கும்போது ஊசியிலிருந்து நூல் உருவிக்கொள்வது. ஊசிக் கண்ணுக்கு வெளியே 3 முதல் 4 செ.மீ. நூல் தொங்க வேண்டும். பலரும் மேல்நூலை இறுக்கும் பெரிய டென்ஷனைத் திருகுகிறார்கள், அதனால் தையல்தான் கெடும். அதற்கு மேலே இருக்கும் சின்ன முன்டென்ஷனைத் தளர்த்தினால் வால் நீளும். அப்படியும் சரியாகவில்லை என்றால், மெஷின் நிற்கும்போது நூலிழுக்கும் கொக்கி உச்சியில் நிற்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, வெட்டியபின் கீழே நூல் சுருண்டு கூடு கட்டுவது. மெஷின் சட்டென்று நிற்கும்போது பாபின் மட்டும் சுழன்றுகொண்டே போவதுதான் காரணம். நூல்வெட்டு மெஷினின் பாபின் கேஸுக்குள் அதைத் தடுக்க ஒரு மெல்லிய ஸ்பிரிங் இருக்கும். தொலைந்துபோன கேஸுக்குப் பதிலாகச் சாதாரண மலிவுக் கேஸைப் போட்டால் கோளாறு அன்றே தொடங்கும். கனமான இரும்பு பாபின் வேண்டாம், அலுமினியம் போடுங்கள், 80 சதவீதத்துக்கு மேல் நூல் சுற்றாதீர்கள்.

ஒரு நூல் மட்டும் அறுந்தாலோ, முனை பிய்ந்து வந்தாலோ, கத்தி மழுங்கிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பாலியெஸ்டர் நூலின் பஞ்சு ஊசித்தட்டுக்குக் கீழே அடைந்திருக்கும். மின்சாரத்தை அணைத்து, தட்டின் இரண்டு திருகைக் கழற்றி, தினமும் பிரஷ்ஷால் தட்டுங்கள். அதன் பிறகும் வெட்டாவிட்டால் கத்தியைத் தீட்டலாம், மாற்றலாம்.

வெள்ளைச் சட்டை, வெள்ளை பாஜு கூரோங் (மலாய்ப் பெண்கள் உடை) தைப்பவர்கள் எண்ணெயை முதலில் கேட்க வேண்டும். தொட்டி நிறைய எண்ணெய் நிற்கும் வகையில், ஊசித்தட்டுக்குக் கீழே சுழலும் ஹூக்கிலிருந்து எண்ணெய் தெறிக்கும், ஒரு புள்ளி விழுந்தால் சட்டை வீண். தலைப்பகுதிக்கு எண்ணெய் போகாத அரை உலர் வகை இருக்கிறது, வெள்ளைத் துணிக்கு அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயமே. சாதாரண வகை என்றால், மெஷினை ஓடவிட்டு ஹூக்குக்கு அருகில் ஒரு துண்டுக் காகிதத்தை 5 நொடி பிடியுங்கள், கை எதிலும் படக்கூடாது. மெல்லிய கோடு விழுந்தால் அளவு சரி. தடித்த கோடு என்றால் எண்ணெய்த் திருகைக் குறைக்க வேண்டும்.

கோலாலம்பூர் இடிமழைக்குக் கிளட்ச் மோட்டார் அசைந்து கொடுக்காது, புது மெஷினை இயக்கும் கண்ட்ரோல் பாக்ஸின் மின்னணு போர்டு அப்படியில்லை. கடை அடைக்கும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவுங்கள். போர்டின் விலையையும், அது கையிருப்பில் இருக்கிறதா என்பதையும் வாங்கும் முன்பே கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள்.

கடைக்குச் சோதிக்கப் போகும்போது உங்கள் துணியையும் நூலையும் கொண்டுபோங்கள். அவர்கள் வைத்திருக்கும் மொடமொடப்பான துணியில் எந்த மெஷினும் நன்றாகத்தான் வெட்டும். இரண்டு அங்குலத் தையலாக 20 தடவை தைத்து வெட்டிப் பாருங்கள். ஒரு தடவைகூட நூல் உருவக்கூடாது. கட்டுத்தையலில் முன்னும் பின்னும் ஒரே துளையில் விழ வேண்டும், விலகினால் அங்கேயே சரிசெய்யச் சொல்லி, மறுபடி 20 தடவை வெட்டிப் பாருங்கள்.