சேலத்தில் கைரோபிராக்டிக்: இடுப்புக்குச் சரி, கழுத்துக்கு வேண்டாம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம். கைரோபிராக்டிக் என்பது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி அசைத்துவிடும் சிகிச்சை. அதற்கு இரண்டு வருஷத்துக்கு மேலாகப் போய் வருகிறேன். இடுப்பு வலிக்கு இது எனக்குப் பலன் கொடுத்தது. ஆனால் அந்தப் பலன் சில நாள்தான் நிற்கும். கழுத்தைத் திருகி 'டக்' என்று சத்தம் வரவைக்கிற முறைக்கு நான் கடைசி வரை சம்மதிக்கவில்லை, உங்களுக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். முதலாளி என்று பெயர்தான், பற்றவைக்கிற வேலையை இன்றைக்கும் நானே உட்கார்ந்து செய்கிறேன். தரையில் சம்மணம் போட்டு, தாழ்ந்த பலகையில் சங்கிலியைப் பரப்பி, ஒவ்வொரு கண்ணியிலும் பொடி வைத்துத் தீயைக் காட்ட வேண்டும். தீ கொஞ்சம் கூடுதலாகப் பட்டால் கண்ணியே உருகிவிடும். அதனால் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், தலை தன்னால் கீழே இறங்கும், முதுகு வளையும், மூச்சைக்கூட அடக்கிக்கொள்வோம். மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோ. அதை நாள் முழுக்க முன்னால் தொங்கவிட்டால் பின்கழுத்துத் தசை என்ன ஆகும்? எங்கள் தெருவில் நாற்பது வயதைத் தாண்டி 'கழுத்து பிடிச்சுக்கிச்சு' என்று சொல்லாத ஆளே அபூர்வம்.

சுளுக்கு எடுப்பவரிடம் போய்ப் பார்த்தாயிற்று. கால் முதலில் வெளியே வந்து பிறந்த ஒருவரை வைத்து முதுகில் மிதிக்கவும் விட்டாயிற்று (சிரிக்காதீர்கள், எங்கள் அம்மாவின் பிடிவாதம்). மருந்துக் கடையில் வாங்கிய இடுப்பு பெல்ட் ஒன்று பீரோவில் கிடக்கிறது. அப்புறம்தான் ஐந்து ரோடு பக்கம் பிசியோதெரபி படித்துவிட்டு கைரோபிராக்டிக் பயிற்சியும் எடுத்திருந்த ஒருவரைப் பற்றிச் சொன்னார்கள்.

முதல் நாள் அவர் என் முதுகில் கை வைக்கவே நெடுநேரம் ஆனது. மல்லாக்கப் படுக்க வைத்து, காலை மடக்காமல் மெல்லத் தூக்கி எந்த இடத்தில் இழுக்கிறது என்று கேட்டார். சின்ன ரப்பர் சுத்தியலால் முட்டியிலும் குதிகாலுக்கு மேலேயும் தட்டினார். கட்டை விரலை மேலே தூக்கச் சொல்லி எதிர்ப்பக்கம் அழுத்திப் பார்த்தார். காய்ச்சல் வந்ததா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, சிறுநீர் போவதில் மாற்றம் உண்டா, தொடையின் உள்பக்கமும் ஆசனவாய்ப் பக்கமும் மரத்துப் போகிறதா என்று வரிசையாகக் கேள்விகள். கடைசிக் கேள்விக்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. 'கேட்டே ஆகணும் சார். அது இருந்தா இங்க நிற்கக் கூடாது, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும்' என்றார். முதுகுத் தண்டின் கீழ்முனையில் குதிரை வால் போலப் பிரிகிற நரம்புக் கற்றை நசுங்கினால் வருகிற அறிகுறி அது. உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் சிறுநீர், மலத்தின் மேல் இருக்கிற கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடலாம்.

அப்புறம்தான் சிகிச்சை. ஒருக்களித்துப் படுக்க வேண்டும். மேல் காலை மடக்கி, தோளைப் பின்னால் பிடித்துக்கொண்டு, இடுப்பைத் தன் உடல் எடையால் ஒரே அழுத்து. சத்தம் வந்தது. வலிக்கவில்லை. எழுந்து செருப்பு மாட்டக் குனிந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது, சுவரைப் பிடிக்காமல் குனிய முடிந்தது.

அந்தச் சத்தத்தைப் பற்றி நம் ஆட்களிடம் ஒரு பெரிய நம்பிக்கை இருக்கிறது: விலகிய எலும்பு டக்கென்று இடத்தில் உட்காருகிறது என்று. அப்படி இல்லை. மூட்டுக்குள் இருக்கிற திரவத்தில் வாயு கரைந்திருக்கும். மூட்டைச் சட்டென்று விலக்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து வாயுக் குழி ஒன்று உருவாகிறது. விரலில் நெட்டி முறிப்பதும் இதேதான். கனடாவில் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ. எடுத்தபடியே இழுத்துப் பார்த்து 2015-இல் இதைக் காட்டினார்கள். அதே விரலில் உடனே மறுபடி நெட்டி வராததற்கும் அதுதான் காரணம். சத்தம் வராத நாளிலும் எனக்கு வலி குறைந்திருக்கிறது, சத்தம் நன்றாக வந்த நாளில் ஒன்றும் ஆகாமலும் போயிருக்கிறது.

இந்த முறை 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் ஊரில் டி.டி. பால்மர் என்பவர் ஆரம்பித்தது. முதல் நோயாளி ஹார்வி லில்லார்ட், காது சரியாகக் கேட்காதவர். முதுகெலும்பைத் தட்டிக் காதைச் சரிசெய்தேன் என்றார் பால்மர். அந்தப் பழைய கதையின் வால் இன்னும் ஆடுகிறது. சேலத்திலேயே இன்னோர் இடத்தில் எக்ஸ்ரேயில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டி, சர்க்கரை, ஜீரணம் எல்லாம் முதுகெலும்பு நேரானால் சரியாகும், வருஷ பேக்கேஜ் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். முழுப் பணமும் முன்னாடியே கட்ட வேண்டுமாம். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். அமெரிக்காவில் இதற்குத் தனிப் பட்டமும் உரிமமும் உண்டு. நம் நாட்டில் இதற்கென்று சட்டப்படியான தனி கவுன்சில் கிடையாது. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம் என்கிற நிலைமையில், கை வைக்கிறவர் என்ன படித்திருக்கிறார் என்று வாய் திறந்து கேட்பதில் தப்பே இல்லை.

இடுப்புக்கு இது பலன் தரும் என்பது என் அனுபவம் மட்டும் அல்ல. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் உடற்பயிற்சி, மசாஜ் ஆகியவற்றோடு முதுகெலும்பைக் கையால் இப்படி அசைத்துவிடும் சிகிச்சையும் இருக்கிறது. பெல்ட், இழுவைச் சிகிச்சை இரண்டையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. 'டிஸ்க் பல்ஜ்' (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற வட்டு புடைத்திருப்பது) என்று ரிப்போர்ட் வந்ததுமே பாதி உயிர் போனவர்களுக்கு இன்னொன்று: முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்ததில் 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் அந்தப் பல்ஜ் இருந்தது.

கழுத்து வேறு கதை. மூளைக்குப் போகிற ரத்தக் குழாய்களில் இரண்டு, கழுத்தெலும்பில் இருக்கிற துளைகள் வழியாகவே மேலே ஏறுகின்றன. வேகமாகத் திருகும்போது அதன் உள்சுவர் கிழிந்து, ரத்தம் உறைந்து, பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான். ஆனால் புதிதாக வந்த கழுத்து வலியே அந்தக் கிழிசலின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. நான் வேண்டாம் என்றதும் அவர் வற்புறுத்தவில்லை. விரலால் மெதுவாக அசைத்துவிட்டு, தாடையை நேராகப் பின்னால் இழுத்து நிறுத்துகிற பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். கழுத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் சொடக்கு எடுப்பார்களே, அதையும் நிறுத்திவிட்டேன். பழக்கமான கடைக்காரர் ஏதோ டிப்ஸைக் குறைத்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார்.

எனக்குச் சிகிச்சை செய்தவர் மேல் மதிப்பு வந்தது என் மாமியார் விஷயத்தில். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறார், காப்பிக் காட்டில் பழம் பறித்துப் பறித்தே கூன் விழுந்தவர். வலி வந்தால் யூகலிப்டஸ் தைலம், அவ்வளவுதான். 'உங்களுக்குப் பண்ணினதை எனக்கும் பண்ணச் சொல்லுங்க மாப்பிள்ளை' என்று 20 கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் இறங்கி வந்தார். சிகிச்சை செய்பவர் அத்தையின் வயசைக் கேட்டார், முன்னாடி எங்கேயாவது எலும்பு முறிந்ததா என்றார். வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததைச் சொன்னதும் எழுந்துவிட்டார். 'அம்மா, உங்க முதுகுல நான் கை வைக்க மாட்டேன். முதல்ல எலும்பு எவ்வளவு கெட்டியா இருக்குன்னு டெஸ்ட் எடுங்க.' எடுத்துப் பார்த்தால், எலும்பு நன்றாகவே மெலிந்திருந்தது. அந்த நிலையில் ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் முதுகெலும்பே நொறுங்கியிருக்கலாம். இப்போது டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து சாப்பிடுகிறார். அன்றைக்குச் சிகிச்சை செய்பவர் ஃபீஸும் வாங்கவில்லை. 'ஒண்ணுமே பண்ணாம அனுப்பிட்டாரே' என்று அத்தைக்கு இன்னும் மனத்தாங்கல்.

செலவு: ஒரு தடவைக்கு ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. ஆரம்பத்தில் வாரா வாரம் போனேன். பிறகு மாதம் ஒன்று. இப்போது தீபாவளி ஆர்டர் குவிகிற சமயத்தில் இடுப்பு பிடித்தால் மட்டும்தான். வலியே இல்லாதபோது 'மெயின்டனன்ஸ்' என்று மாதா மாதம் போவதில் எனக்கு ஒரு பலனும் தெரியவில்லை. போகாமல் விட்ட மாதங்களிலும் அப்படியேதான் இருந்தேன். அடுத்த வலியைத் தள்ளிப்போட்டது வேறு: குப்புறப் படுத்துக் கையை ஊன்றி நெஞ்சைத் தூக்குகிற பயிற்சி, சாயங்கால நடை, அப்புறம் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து தண்ணீர் குடிப்பது. தண்ணீர்க் குடத்தை வேண்டுமென்றே பட்டறையின் மறுகோடியில் வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் விட மேஜை. வேலை நெஞ்சு உயரத்துக்கு வருகிற மாதிரி தச்சரைக் கூப்பிட்டு மேஜையும், முதுகு சாய்கிற நாற்காலியும் செய்து போட்டேன், கூடவே ஸ்டாண்டு வைத்த பூதக்கண்ணாடி. குனிகிற வேலை பாதி குறைந்தது. எனக்கு மட்டும் அல்ல, பட்டறையில் எல்லோருக்கும் போட்டாயிற்று. அந்த வருஷ பேக்கேஜுக்குக் கேட்ட தொகையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இருப்பவர்களிலேயே மூத்தவர் ஒருவர் மட்டும் 'அதெல்லாம் நமக்கு ஒத்து வராதுங்க' என்று தரையை விட்டு எழமாட்டேன் என்கிறார். அவருக்கு முதுகு வலி என்று ஒன்று வந்ததே கிடையாது.