சாம்பல் கிளியா, காக்டெயிலா?

சென்னை கொளத்தூரில் பறவை வாங்கப் போகும் ராயபுரத்துக்காரருக்கு முதலில் கண் போவது ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி மேல்தான். அருமையாகப் பேசும், 40 ஆண்டுகூட வாழும். ஆனால் 2017 முதல் அது சைட்டிஸ் எனும் பன்னாட்டு வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டில் பிடித்ததை எல்லை தாண்டி விற்க முடியாது. அதனால் கள்ளத்தனமாகப் பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுவருகிறார்கள். வழியிலேயே சாவதும் உண்டு. தனிமைப்படுத்திப் பரிசோதிக்காததால் நோயும் கூடவே வரலாம். இங்கேயே பொரித்தது என்றாலும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும். "பேப்பர் அப்புறம் தரேண்ணா" என்றால் நடையைக் கட்டுங்கள்.

காக்டெயில் என்கிற சின்னக் கொண்டைக்கிளி சைட்டிஸ் பட்டியலிலேயே இல்லை. பேச்சு கம்மி, விசில் ஜாஸ்தி. சின்ன வீட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான். சரி, நம்மூர்ப் பச்சைக்கிளி? 1972 வனவிலங்குச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம்.