விரல் ஒக்சிமீற்றர்: வயலால் வந்த பிறகு நாடி பார்க்க உதவுமா?

ஒட்சிசன் பார்க்கவென்று கொரோனாக் காலத்தில் வாங்கிய விரல் ஒக்சிமீற்றர் வன்னியில் பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. வயலால் வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகும் நெஞ்சு படபடக்கிறது என்பவர்களுக்கு நாடியை எண்ண அது நல்ல கருவி. வியர்வையில் வழுகும் கைப்பட்டி மணிக்கூடுகளை விட நம்பலாம். ஆனால் எப்போது, எப்படி வைத்துப் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

திரையில் இரண்டு எண்கள் வரும். வீதக் குறியோடு நிற்பது ஒட்சிசன், பீஆர் என்ற எழுத்தோடு நிற்பதுதான் நாடி. 98ஐ நாடி என்று நினைத்துப் பயப்படவும் வேண்டாம், நாடி 98 என்று இருக்கையில் அதை ஒட்சிசன் என்று நினைத்து ஆறுதல்படவும் வேண்டாம்.

கருவி விரலுக்குள் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சி, ஒவ்வொரு துடிப்புக்கும் இரத்தம் கூடிக் குறைவதை எண்ணுகிறது. கிணற்றுத் தண்ணீரில் குளித்துக் குளிர்ந்த விரல், நக ஓரத்து வயற்சேறு, நகப்பூச்சு, கறுத்த மருதாணி, முற்றத்து வெயில், நடுங்கும் கை எல்லாம் அந்த எண்ணிக்கையைக் குழப்பும். விரலைக் கழுவித் துடைத்துச் சூடாக்கிக்கொண்டு, கதிரையில் சாய்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். நகம் மேலே இருக்க விரலைக் கடைசிவரை தள்ளுங்கள். முதலில் வரும் எண்களை விடுங்கள். பக்கத்தில் ஏறி இறங்கும் கோடு ஒரே சீராக வந்த பின், அரை நிமிடமளவில், நிலைத்து நிற்கும் எண்ணை எழுதுங்கள்.

வாங்கும்போது கடையிலேயே சோதிக்கலாம். ஒரு கையில் கருவி இருக்க, மற்றக் கையில் பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டு நாடியைக் கூட வந்தவர் மணிக்கூடு பார்த்து 60 செக்கன் எண்ணட்டும். ஐந்துக்கு மேல் வித்தியாசம் என்றால் வேறொன்றைக் கேளுங்கள். நாடி ஒழுங்கில்லாமல் துடிப்பவர்களிடம் கருவி பலவீனமான துடிப்புகளைத் தவறவிடும். சும்மா இருக்கையிலேயே எண் 72, 110, 88 என்று பாய்ந்தால் கருவியைக் குறைசொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள், ஈசிஜி எடுக்க வேண்டும்.

ஓய்வில் வளர்ந்தவர்களின் நாடி பொதுவாக 60 முதல் 100 வரை. ஒரு கிழமை காலையில் எழும்பியதும், தேத்தண்ணிக்கு முன், பார்த்து உங்கள் சொந்த எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். வெயிலில் மண்வெட்டி பிடித்தவருக்கு வியர்த்து இரத்தத்தின் கனவளவு குறைந்திருக்கும். இதயம் அதை வேகத்தால் ஈடுசெய்வதால், வேலை விட்டு ஒரு மணித்தியாலம் கழிந்தும் நாடி 10, 20 கூடுதலாக நிற்கலாம். நிழல், தண்ணீர், ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல், பிறகு மறுபடி அளவு. சிறுநீரக நோயாளிகள் ஜீவனி குடிக்கமுதல் டொக்டரைக் கேட்க வேண்டும். கடும் தேத்தண்ணி, புகையிலை போட்ட வெற்றிலை, இழுப்புக்கு அடிக்கும் சல்பியூட்டமோல் பம் ஆகியவையும் நாடியை ஏற்றும். அற்றெனலோல் என்ற பிரஷர் குளிசை போடுபவருக்கு அது ஏறாமல் அடங்கியிருக்கும், ஆகவே எண் குறைவென்று ஆறுதல்பட முடியாது.

காய்ச்சலும் தசைநோவும் சேர்ந்தால் கதை வேறு. எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், வயலில் இறங்கியதையும் சொல்லுங்கள். நன்றாகத் தூங்கி எழும்பியும் 100க்கு மேல் நிற்பது இரத்தச்சோகை, தைரொயிட் போன்றவற்றாலும் வரும், கிளினிக்கில் காட்ட வேண்டும். ஓய்வில் 120க்கு மேல் நின்று இறங்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல், மயக்கம், வெயிலில் நின்றவர் தடுமாறிப் பேசுவது என்றால் கருவியைத் தேடவே வேண்டாம். உடனே 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

பெரும்பாலானவற்றுக்கு ஏஏஏ பற்றரி இரண்டு வேண்டும். பாவிக்காத நாட்களில் கழற்றி வையுங்கள், உள்ளே கசிந்தால் தகடு பச்சை பிடித்துக் கருவி பழுதாகிவிடும்.