காரைக்குடிப் பக்கம் ‘வாட்டர்ப்ரூஃப்’ டென்ட் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

காரைக்குடியில் பயணச் சாமான் விற்கும் ஒரு கடையில் எங்கள் நடைக்குழுவுக்கு டென்ட் வாங்கினோம். “ரெண்டு பேர் படுக்கலாம், ஒன்றரைக் கிலோதான், 3000 மி.மீ. வாட்டர்ப்ரூஃப், எந்த மழையும் தாங்கும்” என்று சொல்லி 4,200 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். ஐப்பசி மழையில் முதல் இரவே உள்ளே தண்ணீர் நின்றது. திருப்பிக் கொடுக்கப் போனால், “விற்ற பொருள் வாபஸ் இல்லை” என்று பில்லைக் காட்டினார்கள். பழனிக்கு நடக்கிறவர்களும், கொடைக்கானல், மேகமலைக்கு மூட்டை கட்டுகிறவர்களும் இதே சரக்கில் பணத்தைப் போட்டுவிடக் கூடாது.

3000 மி.மீ. என்றால், அந்த உயரத்துக்குத் தண்ணீர் நின்று அழுத்தினாலும் துணி கசியாது என்று அர்த்தம். துணிக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு, தையலுக்கு இல்லை. எங்களுக்குச் சொன்ன எண் தரைவிரிப்புடையது. மழையை வாங்கும் மேல்விரிப்பு வெறும் 190டி பாலியஸ்டர். 190டி என்பது இழைக்கணக்கு, தண்ணீர் தாங்கும் அளவே அல்ல. மேல்விரிப்புக்கு 1500 மி.மீ. போதும். முட்டியும் முழங்கையும் ஊன்றும் தரைக்குத்தான் 3000 வேண்டும். கடையிலேயே மேல்விரிப்பில் வாயை வைத்து ஊதுங்கள். காற்று மறுபக்கம் போனால் தண்ணீரைத் தடுக்கும் பூச்சு இல்லை. துணி பிசுபிசுத்துப் புளித்த வாடை அடித்தால், வெக்கையில் கிடந்து பூச்சு கெட்டுப்போன பழைய சரக்கு.

அடுத்தது தையல். உட்பக்கம் தையல் மேல் டேப் ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊசி போன ஒவ்வொரு துளையிலும் சொட்டும். டேப் இல்லாத டென்ட் ஏற்கெனவே கையில் இருந்தால் பசை பூசிக்கொள்ளலாம்: சிலிகான் பூசிய துணிக்கு சிலிகான் பசை, பியூ (பாலியூரித்தேன்) பூசியதற்கு யூரித்தேன் பசை. மாற்றிப் பூசினால் உரிந்து வந்துவிடும்.

பெரிய குறை மேல்விரிப்பின் நீளத்தில் இருக்கிறது. மலிவு டென்டில் அது உச்சியில் தொப்பி மாதிரி மட்டும் இருக்கும். கீழே கொசுவலை திறந்தே கிடக்கும். காற்றோடு வரும் சாரல் நேராக உள்ளே வரும். நம் வீட்டு முற்றத்தில் தாழ்வாரம் இறங்கி நிற்கிற மாதிரி, மேல்விரிப்பு நாலு பக்கமும் தரைக்கு ஒரு சாண் வரை இறங்க வேண்டும். தரைவிரிப்பின் ஓரமும் நாலு விரற்கடையாவது மேலே ஏறியிருக்க வேண்டும். உள்கூடாரமும் அதன்மேல் தனி மேல்விரிப்பும் உள்ள இரட்டைச் சுவர் டென்டே வாங்குங்கள். தைப்பூசப் பனியில், ஒற்றைச் சுவர் டென்டில் மூச்சுக்காற்றே குளிர்ந்து துணியின் உள்பக்கம் நீராகப் படியும்.

எடையைத் தராசில் வைத்துத்தான் நம்ப வேண்டும். டென்டைத் தூக்கி நிறுத்தும் கம்பி, தரையில் அடிக்கும் முளை, பை எல்லாம் சேர்த்தால் எங்களுடையது 2.6 கிலோ. கம்பி ஃபைபர்கிளாஸ் என்றால் இணைப்பில் பிளந்து துணியையும் கிழிக்கும், அலுமினியமே நல்லது. கூட வரும் வளைந்த கம்பி முளைகள் ஈரச் செம்மண்ணில் உருவிக்கொண்டு வந்துவிடும். ‘ஒய்’ வடிவ 7 அங்குல அலுமினிய முளைகளைத் தனியாக வாங்கி, தலை டென்டுக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்கும்படி அடியுங்கள்.

வாங்கிய அன்றே மொட்டைமாடியில் விரித்து, அரைமணி நேரம் ஹோஸில் தண்ணீர் அடித்துப் பாருங்கள். கசிந்தால் வீடியோ எடுத்து, பில்லோடு உடனே கடைக்குப் போங்கள். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனுக் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.