தொடக்கப்பள்ளி ஓவிய வகுப்பு: கிரேயானா, போஸ்டர் கலரா, செம்மண்ணா?

ஈராசிரியர் பள்ளிக்கு ஓவியத்துக்கென்று தனி ஆசிரியர் வருவதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் பகுதிநேரக் கலைப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை அதுவும் இடைநிலை ஆசிரியரின் பொறுப்புதான். புதுக்கோட்டை மாவட்டத்தில் முப்பத்துநான்கு பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கப்பள்ளியில் அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கும் நான், மூன்று வகை வண்ணங்களையும் வகுப்பில் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, இரண்டு ஆண்டுகளாகச் செம்மண், கரி, மஞ்சள் ஆகியவற்றைக் கொண்டு நாங்களே செய்துகொள்ளும் வண்ணங்களுக்கு மாறியிருக்கிறேன்.

கிரேயானின் வசதிகளை எல்லா ஆசிரியர்களும் அறிவார்கள். தண்ணீர் வேண்டாம், காயக் காத்திருக்க வேண்டாம், நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் வேலை முடிந்துவிடும். பென்சிலையே இன்னும் சரியாகப் பிடிக்கப் பழகாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைவிட ஏற்றது இல்லை. ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றைத் தீட்டினால் மெழுகு வழுக்கிவிடும் என்பதால், நிறங்களைக் கலந்து பார்க்க மட்டும் அது அவ்வளவாக இடம் தராது. அந்தக் குறை போஸ்டர் கலரில் இல்லை. மஞ்சளும் நீலமும் சேர்ந்து பச்சையாவதைப் பிள்ளைகள் தம் கண்ணாலேயே காணலாம். ஆனால் புட்டிகளை நம் கைக்காசில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. மூடியைச் சரியாகத் திருகாவிட்டால் அடுத்த வாரத்துக்குள் வண்ணம் இறுகிவிடுகிறது. தண்ணீரில் நிறுத்தி மறந்துபோன தூரிகையின் முடி வளைந்தால் பிறகு நிமிர்வதே இல்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது, தீர்ந்துபோனால் என்ன செய்வது என்ற கேள்வி. ஜூன் மாதத்தில் கைக்கு வந்த கிரேயான் பெட்டி தீபாவளி விடுமுறைக்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று திறந்து பார்த்தால் புரியும். பச்சையும் கறுப்பும் நகத்தளவுத் துண்டுகளாகிவிட்டிருக்கும். வெள்ளை மட்டும் முனை மழுங்காமல் இருக்கும். ஒருமுறை இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தென்னை மரத்துக்கு ஊதா நிறம் தீட்டியிருந்தாள். அதைக் கற்பனை என்று எண்ணி மகிழ்ந்து அவளிடம் கேட்டேன். "பச்சை தீந்துபோச்சு டீச்சர்" என்றாள். போஸ்டர் கலரில் இதே பற்றாக்குறை வேறு வடிவத்தில் வந்தது. "கொஞ்சமாத் தொடு, சிந்தாதே" என்று நானே ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டுக் கேட்டு, பெரிய தாளைக் கொடுத்தாலும் பிள்ளைகள் ஒரு மூலையில் சிறிதாக வரையத் தொடங்கினார்கள்.

செம்மண்ணுக்கு மாறியபின் அப்படிச் சொல்ல எனக்குத் தேவையே ஏற்படவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. மண்ணை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, மணலும் கல்லும் அடியில் தங்கியதும் மேலே நிற்கும் சிவப்புத் தண்ணீரை வேறு பாத்திரத்தில் இறுத்து ஓர் இரவு தெளியவிட்டால், அடியில் வெண்ணெய்போல் வண்டல் படிந்திருக்கும். கருவேலம்பிசினை முந்தைய நாளே ஊறவைத்துத் துணியில் வடிகட்டி அதனுடன் சேர்க்க வேண்டும். பிசின் குறைந்தால் காய்ந்த படத்தைத் தொட்டதும் நிறம் விரலில் ஒட்டிக்கொள்ளும். கூடினால் படம் வெடித்துப் பொருக்குப் பொருக்காக உதிரும். சரியான அளவை நான்காம் வகுப்புப் பிள்ளைகளே தாளின் ஓரத்தில் தேய்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள். குழம்பாகவே வைத்திருந்தால் மூன்று நாளில் வாடை வந்துவிடும் என்பதால் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி நிழலில் காயவிடுகிறோம். பிறகு ஈரக் குச்சியால் தேய்த்தாலே நிறம் கரைந்து வரும். வேப்பங்குச்சியின் நுனியை நசுக்கினால் அதுவே தூரிகை. வளைந்துபோனால் இன்னொன்றை ஒடித்துக்கொள்ளலாம்.

கறுப்புக்கு அடுப்புக்கரி, வெள்ளைக்குச் சாக்பீஸ் தூள், மஞ்சளுக்கு மஞ்சள்தூள். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது வீட்டில் ஆரத்தி கரைப்பதைப் பார்த்த பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான்; அதையே தாளில் செய்து காட்டும்போது வகுப்பே எழுந்து வந்து சூழ்ந்துகொள்கிறது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் அதைப் பிள்ளைகள் கையில் தருவதில்லை, நானே தொட்டு வைக்கிறேன். எங்கள் மாவட்டத்திலேயே உள்ள சித்தன்னவாசலில், ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தாமரைக் குள ஓவியத்தின் வெள்ளை சுண்ணாம்பிலிருந்தும், கறுப்பு கரியிலிருந்தும், சிவப்பும் மஞ்சளும் காவிமண்ணிலிருந்தும் வந்தவை. இதைச் சொன்ன பிறகு தம் சிரட்டையைப் பிள்ளைகள் கையில் எடுக்கும் விதமே மாறிவிட்டது.

குறைகளையும் சொல்ல வேண்டும். மஞ்சள்தூளின் நிறம் வெயிலில் நிற்காது. சன்னலோரம் ஒட்டிய சூரியகாந்திப் படங்கள் சில வாரங்களில் வெளுத்துவிட்டன. இலைச்சாற்றின் பச்சை சில நாட்களிலேயே பழுப்பேறுகிறது. மண் கரைக்கும் நாளில் அடுத்த பாடவேளையும் ஓவியத்துக்கே போய்விடுகிறது. எனவே மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலையை அதற்கென ஒதுக்கியிருக்கிறேன். என் அனுபவம் சிறிய பள்ளியில், இரண்டே ஆண்டுகளில் கிடைத்தது. ஒரே வகுப்பில் நாற்பது பேர் இருந்தால், அல்லது நல்ல மண் கிடைக்காத நகரத்துப் பள்ளியாக இருந்தால், இதையே பரிந்துரைப்பேன் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். அங்கே கிரேயானே நடைமுறைக்கு ஒத்து வரலாம்.

இப்போது எங்கள் பள்ளியில் முதல் இரண்டு வகுப்புகளுக்குக் கிரேயான், மூன்று முதல் ஐந்து வரை மண் வண்ணம் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். நீலம் மட்டும் எங்கள் மண்ணிலிருந்து வரவில்லை. அதற்காகப் பருவத்துக்கு ஒரு போஸ்டர் கலர் புட்டி வாங்குகிறேன். வானமும் கண்மாயும் வரைகிற நாளில் மட்டும் அது அலமாரியிலிருந்து வெளியே வருகிறது.