பையனுக்கு வாங்கிய பட்டன் போன்: ஒன்பது மாதம் கழித்து

ஆறாம் ஆண்டு படிக்கும் மகனுக்கு ஸ்மார்ட்போன் வாங்கித் தரலாமா வேண்டாமா என்று வீட்டில் பல நாள் பேசினோம். கடைசியில் வாங்கியது 139 வெள்ளிக்கு ஒரு பட்டன் போன். தோட்டத்தில் குடியிருந்துகொண்டு வேலைக்கு வெளியூர் போய்வரும் பெற்றோர் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டம். எனக்கு ஈப்போ பக்கம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, வீட்டில் பையனோடு என் மாமியார் இருப்பார். பள்ளிக்கு வேன் இருக்கிறது, பள்ளிக்குள் போன் கொண்டுபோகவும் விடமாட்டார்கள், அதனால் அங்கே தேவையில்லை. கவலை எல்லாம் டவுனில் நடக்கும் மாலை டியூஷன்தான். ஒரு நாள் வகுப்பை எட்டு மணிக்கே விட்டுவிட்டார்கள், எங்களுக்குத் தகவல் வரவில்லை, கொட்டுகிற மழையில் பூட்டிய கடை வாசலில் புத்தகப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் தனியாக நின்றிருக்கிறான். அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாளே டவுனில் போன் கடைக்குப் போனேன். தவுக்கே முதலில் 499 வெள்ளி ஸ்மார்ட்போனைத்தான் எடுத்து வைத்தார். பேசினால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றதும் உள்ளே போய்ப் பட்டன் போன் பெட்டியைக் கொண்டுவந்தார். மலேசியாவில் 3ஜி சேவையை 2021 கடைசியிலேயே நிறுத்திவிட்டார்கள், அதனால் வீட்டில் கிடக்கும் பழைய போனைக் கொடுக்காதே, 4ஜியில் பேசும் வசதி, அதாவது வோல்டி இருக்கிற போனாகப் பார்த்து வாங்கு என்று அவரே சொன்னார். சிம் என் மைகாட்டில், அதாவது என் அடையாள அட்டையைக் காட்டி, என் பெயரில்தான் எடுத்தோம். டேட்டா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஏனென்றால் இந்தச் சின்னப் போனிலும் இணையம் பார்க்க ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது.

போன் எப்படி? சார்ஜ் நான்கு ஐந்து நாள் தாங்குகிறது. வீட்டுப் படியில் இரண்டு தடவை விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை. டார்ச் நல்ல வெளிச்சம், கரண்ட் போனால் முதலில் தேடுவது இதைத்தான். எஃப்எம் இருப்பதால் காலையில் பாட்டி மின்னல் எஃப்எம் கேட்கிறார். குறை என்றால் தமிழில் எழுத முடியாது, ஸ்பீக்கர் இரைகிறது, 5ஆம் எண் பட்டனில் எழுத்து இப்போதே பாதி அழிந்துவிட்டது. எங்கள் லயத்தில் லைன் கிடைப்பது கோயில் மேடைப் பக்கம்தான், அதற்குப் போனைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் இதை வாங்கியதில் எனக்குக் கிடைத்த பெரிய பலன் வேறு. மூன்றாவது வாரம் ஓர் அழைப்பு வந்திருக்கிறது. உங்கள் பார்சல் சுங்கத்தில் மாட்டியிருக்கிறது, பெயர் சொல், வீட்டு முகவரி சொல் என்று மலாயில் மிரட்டலாகக் கேட்டிருக்கிறார்கள். இவன் பயந்துபோய் என் பெயரையும் தோட்டத்துப் பெயரையும் சொல்லிவிட்டு, இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, சொன்னா போனைப் பிடுங்கிக்க மாட்டீங்கதானே?" என்றான். வாங்கிக் கொடுத்த அன்று, ஏதாவது தப்பு செய்தால் போனைப் பிடுங்கிவிடுவேன் என்று நான் சொல்லியிருந்தேன். பிள்ளையின் வாயைக் கட்டிப்போட்டது அந்தப் பேச்சுதான். அன்றே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். எது நடந்தாலும் வந்து சொல், சொன்னதற்காகப் போன் உன் கையை விட்டுப் போகாது என்று சொன்னேன். பண மோசடி நடந்துவிட்டால் உடனே கூப்பிட வேண்டிய 997 எண்ணையும் அவனையே பதிந்துவைக்கச் சொன்னேன். அடுத்த மாதம் அதே மாதிரி இன்னொரு அழைப்பு வந்தபோது ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நேராக என் கையில் கொண்டுவந்து கொடுத்தான்.

ஸ்மார்ட்போனுக்கு ஒரு பிள்ளை தயாரா என்று கேட்டால் நான் இப்போது பார்ப்பது இதைத்தான். பயமாக இருக்கும்போது யாரிடம் போகிறான்? அடுத்தது, ராத்திரி ஒன்பதரைக்குச் சாமி மேடைப் பக்கம் போனை வைத்துவிட்டு முகம் சுளிக்காமல் படுக்கப் போகிறானா? முதல் மாதம் சண்டைதான், இப்போது அவனே வைத்துவிடுகிறான். வயதை மட்டும் வைத்து முடிவெடுக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் டிக்டாக், இன்ஸ்டாகிராம் நிறுவனங்களே 13 வயது ஆகவேண்டும் என்கின்றன, நம் அரசாங்கமும் 2026 முதல் 16 வயதுக்குக் கீழ் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று 2025 நவம்பரில் அறிவித்தது. பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கணக்கு திறந்து கொடுக்கும் பெற்றோர் எங்கள் லயத்திலேயே இருக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். பொய் சொல்லி உள்ளே நுழையலாம் என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அடுத்த ஆண்டு படிவம் 1 போகிறான். வகுப்புக்குப் புலனக் குழு (வாட்ஸ்அப் குழு) இருக்கும், வீட்டுப்பாடம் அதில்தான் வரும், ஸ்மார்ட்போன் இல்லாமல் முடியாது என்று மற்ற அம்மாமார்கள் சொல்கிறார்கள். அந்தக் குழுவில் என் எண்ணைச் சேர்க்கச் சொல்லப் போகிறேன், வேலை முடிந்து வந்ததும் என் போனில் அவன் பார்த்துக்கொள்ளட்டும். படிவம் 2இல் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அப்போதும் கூகுள் ஃபேமிலி லிங்க் போட்டுத்தான் கொடுப்பேன். எந்தச் செயலியை இறக்கினாலும் என் அனுமதி கேட்கும், ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம் என்று வரம்பு வைக்கலாம். அதை ஒளித்து வைக்கப்போவதில்லை, அவனை உட்காரவைத்து அவன் கண் முன்னால்தான் செட் பண்ணுவேன்.

அதுவரை இந்தப் பட்டன் போன் போதும். வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே சிம்மைப் போட்டு ஒரு தடவை பேசிப் பார்த்துவிட்டு, பெட்டியையும் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உறைக்குத் தனியாக 10 வெள்ளி ஆனது.