பில்லில் ரிலே இருக்கு, வண்டியில் இல்லை

கிளிநொச்சிப் பக்கத்துக் கடையொன்றில் மேலதிக லைற் பூட்டிய ஹொண்டா டியோ ஸ்கூட்டி ஒன்றைக் கழற்றியபோது கண்டதை அப்படியே எழுதுகிறோம். கடையின் பெயர் வேண்டாம். இதே ஏமாற்று வேலை வவுனியாவிலும் நடக்கிறது, புதுக்குடியிருப்பிலும் நடக்கிறது. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் நல்ல கடை என்று ஆகிவிடும்.

பில் 16,500 ரூபா. முன் போர்க்குக்கு எல்.ஈ.டி லைற் ஒரு சோடி 7,000, ஹெட்லைற் பல்ப் 2,500, பிரேக் பல்ப் 600, சிக்னல் லைற் நாலு 2,400, ரிலே 950, ஹசாட் (நாலு சிக்னலும் ஒன்றாக மினுங்கும்) சுவிச் 550, வயரிங் கூலி 2,500. இரண்டு கிழமை போகமுதல் குறைகள் வரிசையாக வந்தன. நாலு நாள் ஓடாமல் நின்றால் செல்ப் இழுக்காது. சந்தியில் நிற்கும்போது ஹெட்லைற் துடிக்கும். இடப்பக்கம் சிக்னல் போட்டால் வலப்பக்கமும் சேர்ந்து மினுங்கும். நாலாவது குறை ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது: பிரேக் பிடித்தாலும் பின் வெளிச்சத்தில் மாற்றம் இல்லை. தன் வண்டியின் முதுகை ஓடிக்கொண்டே யாரும் பார்ப்பதில்லை. அதனால்தான் கடைக்காரர்களின் மோசமான வேலை எல்லாம் பின்பக்கத்தில் ஒளிந்திருக்கிறது.

முதலில் ரிலே, அதாவது சுவிச்சில் ஓடும் சின்ன மின்னால் லைற்றின் பெரிய மின்னைத் திறந்து மூடும் சின்னப் பெட்டி. முன் மூடியைக் கழற்றினால் பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு மெல்லிய வயர் நேரே ஹான்டில் சுவிச்சுக்கும், அங்கிருந்து லைற்றுக்கும் போகிறது. ரிலே இல்லை. பியூசும் இல்லை. ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும்: இந்த அளவு லைற்றுக்கு ரிலே கட்டாயம் என்றில்லை. இரண்டு லைற்றும் சேர்ந்து இழுத்தது 1.7 அம்பியர்தான், நல்ல சுவிச் ஒன்று அதைத் தாங்கும். ஆனால் பியூஸ் இல்லாதது பெரிய பிழை. ஹான்டில் திரும்பும் இடத்தில் வயர் உராய்ந்து சட்டத்தில் முட்டினால், 3 அம்பியர்-மணி பற்றரிகூட ஒரு கணத்தில் பல பத்து அம்பியரைத் தள்ளும். மெல்லிய வயர் சிவந்து, பிளாஸ்ரிக் மூடிக்குள் எரியத் தொடங்கும். வண்டியோடு வந்த பியூஸ் இதைக் காப்பாற்றாது, ஏனென்றால் இந்த வயர் அந்தப் பியூசுக்கு முன்னாலேயே பிரிந்துவிட்டது.

அந்த 1.7 அம்பியரிலேயே அடுத்த ஏமாற்றும் இருக்கிறது. பெட்டியில் ஒவ்வொரு லைற்றுக்கும் 125 வாற் என்று அச்சிட்டிருந்தது. 12 வோல்ற்றில் 1.7 அம்பியர் என்றால் சோடிக்கே 20 வாற், ஒன்றுக்கு 10. உண்மையிலேயே 125 வாற் என்றால் ஒரு லைற் மட்டும் 10 அம்பியருக்கு மேல் இழுக்கும், பற்றரி கால் மணித்தியாலம் தாங்காது. ஆகவே பெட்டி பொய் சொன்னதும் ஒரு வகையில் நல்லதற்குத்தான். 10 வாற் எல்.ஈ.டி போதாது என்று இல்லை, நன்றாகவே போதும். 125 வாற்றின் விலையில் 10 வாற்றை வாங்காதீர்கள். மல்ரிமீற்றரை 10 அம்பியர் துளையில் வைத்து, லைற்றின் நேர் வயரோடு தொடராகக் கொழுவி, கடையிலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்க மறுக்கும் கடையில் பூட்டவேண்டாம்.

செல்ப் இழுக்காததற்குக் காரணம் சுவிச்சோடு சேர்ந்து வந்த சின்ன வோல்ற் மீற்றரும் போன் சார்ஜரும். அவை திறப்பைக் கடந்து வராமல் நேரே பற்றரியில் கொழுவப்பட்டிருந்தன. வண்டியை நிற்பாட்டித் திறப்பைக் கழற்றிய பிறகும் 30 மில்லி அம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. கணக்குப் பாருங்கள்: 3 அம்பியர்-மணியை 0.03ஆல் பிரித்தால் 100 மணித்தியாலம். நாலு நாளில் பற்றரி வெறுமை. கடையில் சொன்ன பதில், "பற்றரி பழசு, மாத்துங்கோ". பற்றரிக்கு ஒரு குறையும் இல்லை.

ஹெட்லைற் துடித்ததற்குக் காரணம் வேறு. பழைய ஸ்கூட்டிகள் பலவற்றில் ஹெட்லைற் பற்றரியில் எரிவதில்லை, எஞ்சின் சுருளிலிருந்து வரும் ஏசி (திசை மாறிமாறி ஓடும்) மின்னில் எரிகிறது. அதனால்தான் முறுக்கினால் வெளிச்சம் கூடும், விட்டால் குறையும். இழை பல்ப்புக்கு ஏசியும், பற்றரியிலிருந்து ஒரே திசையில் வரும் டிசியும் ஒன்றுதான். டிசிக்குச் செய்த எல்.ஈ.டி பல்ப்பை அதில் செருகினால் துடிக்கும், சில மாதத்தில் உள்ளே மின்னைச் சீராக்கும் டிரைவர் சுற்று எரியும். எல்.ஈ.டி பல்ப் வேண்டுமென்றால் ஏசியிலும் எரியும் வகையா என்று கேட்டு வாங்கவேண்டும், அல்லது அந்த வயரை டிசிக்கு மாற்றவேண்டும். டிசிக்கு மாற்றினால் அந்தச் சுமையும் சின்னப் பற்றரியின் தலையில்தான் ஏறும்.

எங்களைக் கேட்டால் ஹெட்லைற்றில் கைவைக்கவே வேண்டாம். 35/35 வாற் எச்.எஸ்.1 பல்ப்பில் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கிறது. வெளிச்சம் மேலே போகாமல் மறிப்பது அதுதான். விலை குறைந்த எல்.ஈ.டி பல்ப்புகளில் வெளிச்சம் தரும் சிப், இழை இருந்த இடத்தில் இருப்பதில்லை, கிண்ணமும் இல்லை. வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். ஓட்டுபவருக்கு வெள்ளையாக, அழகாகத் தெரியும். முன்னால் வருபவருக்குக் கண் கூசும். கனகராயன்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் இரவு இருட்டு எப்படியென்று ஓடியவர்களுக்குத் தெரியும். தார்ச் சூட்டுக்கு மாடு ரோட்டில் படுத்திருக்கும், பின் லைற் இல்லாத லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஊர்ந்து போகும். அங்கே எதிரே வரும் பஸ்காரரின் கண்ணை மறைத்தால் அவர் எதில் மோதுவார் என்று சொல்லமுடியாது.

இனிப் பின்பக்கம். பிரேக் பல்ப்பில் இரண்டு இழைகள்: சும்மா எரிவது 5 வாற், பிரேக் பிடித்தால் 21 வாற். அந்த நாலு மடங்கு வித்தியாசம்தான் பின்னால் வருபவருக்குச் செய்தி. பல்ப்பின் அடியில் உள்ள இரண்டு ஆணிகளும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒரு பக்கமாகத்தான் போகவேண்டும் என்பதற்காக. இந்த ஸ்கூட்டியில் அதைத் தலைகீழாக நெருக்கிச் செருகியிருந்தார்கள். விளைவு, பிரகாசமான பக்கம் எப்போதும் எரிகிறது, பிரேக் பிடித்தால் மங்கிய பக்கம் அதோடு சேர்கிறது. பார்ப்பவருக்கு எதுவும் மாறவில்லை. சரியாகப் பூட்டினாலும் விலை குறைந்த எல்.ஈ.டிகளில் இரண்டு நிலைக்கும் வித்தியாசம் போதாது. வெள்ளை எல்.ஈ.டியைச் சிவப்புக் கண்ணாடிக்குள் வைத்தால் பெரும்பகுதி வெளிச்சம் கண்ணாடியிலேயே நின்றுவிடும், சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்.ஈ.டிதான். மேலே கறுப்புப் புகை ஸ்ரிக்கர் ஒட்டுபவர்களுக்கு என்ன சொல்வது!

பிரேக் பிடித்தால் பளிச் பளிச்சென்று வெட்டும் பல்ப்பும் வேண்டாம். வெட்டும் வெளிச்சத்தை வைத்துத் தூரத்தைக் கணிப்பது கஷ்டம்.

பின்னால் மணிக்கு 80 கிலோமீற்றரில் வரும் பஸ் ஒரு செக்கனுக்கு 22 மீற்றர் ஓடுகிறது. சாரதி கண்டு, விளங்கி, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரைச் செக்கன் என்றாலே 33 மீற்றர் போய்விடும், அதற்குப் பிறகுதான் பஸ் வேகம் குறையத் தொடங்கும். முன்னுக்கு எவ்வளவு வெளிச்சம் அடித்தாலும் இந்த 33 மீற்றரில் உதவாது. காசைப் பின்னுக்குப் போடுங்கள்.

சிக்னல் கதை சுருக்கம். ஹசாட் வேண்டுமென்று கேட்டதற்கு இடது, வலது வயர்கள் இரண்டையும் சேர்த்து முறுக்கி ஒரு சுவிச்சில் விட்டிருந்தார்கள். முறுக்கிய வயர் முறுக்கியதுதான். சுவிச் மூடினாலும் திறந்தாலும் இரு பக்கமும் ஒன்றாகத்தான் மினுங்கும். இடதையும் வலதையும் தனித்தனித் தடமாக மூடும் ஆறுகால் சுவிச் போடவேண்டும், அல்லது பக்கத்துக்கு ஒரு டயோட் (மின்னை ஒரு திசையில் மட்டும் விடுவது): 10 வாற் இழை பல்ப் என்றால் 3 அம்பியர் தாங்கும் 1என்5408. எல்.ஈ.டி சிக்னல் பூட்டினால், சிக்னலை மினுங்கவைக்கும் பிளாஷரையும் எல்.ஈ.டி வகைக்கு மாற்றவேண்டும். பழைய பிளாஷர் 20 வாற் சுமையை எதிர்பார்க்கும். சுமை குறைந்தால் படபடவென்று வெட்டும், அல்லது வெட்டாமல் நிற்கும். நிமிடத்துக்கு 60இலிருந்து 120க்குள் மினுங்குவதுதான் சரி. மழையில் ஹசாட்டைப் போட்டுக்கொண்டே ஓடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறார்கள் என்று கடவுளுக்கும் தெரியாது.

வயர் தொடுப்புகள் எல்லாம் வயரை உரித்து முறுக்கிக் கறுப்பு ரேப் சுற்றியவை. வன்னி வெயிலில் ரேப்பின் பசை உருகி, சுற்று அவிழ்ந்துவிடும். புழுதி ஒட்டும். மாரி தொடங்கினால் தண்ணீர் உள்ளே போய்ச் செம்பு பச்சை பிடிக்கும். ஐப்பசிக்கு முன் பூட்டிய லைற் தைப்பொங்கலுக்கு எரியாமல் போவதன் காரணம் பெரும்பாலும் லைற் அல்ல, இந்தத் தொடுப்புத்தான். ஈயம் பற்றவைத்து, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாய் போட்டுச் சூடுகாட்டவேண்டும். ஆட்டத்தில் முறியாமல் தொடுப்பின் இரு பக்கமும் வயரைக் கட்டவேண்டும். வயரைக் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப்புகளை அனுமதிக்காதீர்கள், அவை இழைகளை வெட்டிவிடும்.

சரியாகப் பூட்டுவதென்றால் இப்படி. பற்றரி நேர்முனையிலிருந்து 15 சென்ரிமீற்றருக்குள் 5 அம்பியர் பியூஸ். அங்கிருந்து 1 சதுர மில்லிமீற்றர் வயர் ரிலேயின் 30ஆம் காலுக்கு. 87ஆம் காலிலிருந்து இரண்டு லைற்றுக்கும். 86ஆம் காலுக்குத் திறப்புப் போட்டால் மட்டும் மின் வரும் வயர், சுவிச் வழியாக. 85ஆம் கால் எதிர்முனைக்கு. ஏர்த்தைச் சட்டத்தில் போடுவதானால் பெயின்ரைச் சுரண்டிவிட்டுப் போல்ற்றில் இறுக்கவேண்டும். ஹொண்டாவில் ஒரு பொறி: பச்சை வயர்தான் ஏர்த், கறுப்பு வயர் திறப்புப் போட்டால் வரும் நேர் மின். கடையில் வாங்கும் லைற்றிலோ கறுப்பு எதிர்முனை. "கறுப்போடு கறுப்பு" என்று தொடுக்கும் பொடியன்களால் எரிந்த லைற்றுகள் கொஞ்சமல்ல.

முன் லைற்றுகளை எவ்வளவு அகலமாகவும் தாழ்வாகவும் வைக்கமுடியுமோ அவ்வளவு நல்லது. தனி ஹெட்லைற் இருட்டில் ஒரு புள்ளி, கிட்ட வந்தாலும் பெரிதாக வளராது, எதிரே முந்த நினைப்பவர் தூரத்தைப் பிழையாகக் கணிப்பார். கீழே இரண்டு, மேலே ஒன்று என்று முக்கோணமாக இருந்தால் வண்டி நெருங்க நெருங்க முக்கோணம் விரியும், வேகம் கண்ணுக்குப் பிடிபடும். சாய்வை இப்படிப் பாருங்கள்: சமநிலத்தில் சுவரிலிருந்து 5 மீற்றரில் வண்டியை வைத்து ஒருவர் ஏறி இருக்கவேண்டும். லைற்றின் நடு உயரத்தைச் சுவரில் குறித்து, வெளிச்சத்தின் மேல் விளிம்பு அதற்கு 10 சென்ரிமீற்றர் கீழே விழும்படி இறுக்குங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஹான்டிலை இரு கரைக்கும் முழுதாகத் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் கூடினால் புது வயர் அக்சிலேற்றர் கேபிளை இழுக்கிறது, அந்த நிலையில் வண்டியை எடுக்கவேண்டாம். எல்லா லைற்றும் எரிய, கொஞ்சம் முறுக்கிப் பற்றரியில் அளந்தால் 13.5இலிருந்து 14.5 வோல்ற் வரவேண்டும். 13க்குக் கீழே நின்றால் சார்ஜ் ஆவதைவிடச் செலவு கூட.

மின்சாரமே கேட்காத பொருள் ஒளிதெறி ரேப். அதிலும் கள்ளச் சாமான் இருக்கிறது, பளபளப்பான வெள்ளி ஸ்ரிக்கரை அதே பெயரில் விற்கிறார்கள். போன் ரோச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு 10 மீற்றர் தள்ளி நின்று பாருங்கள். உண்மையானது லைற் எரிவதுபோல் திருப்பி அடிக்கும், கள்ளச் சாமான் மங்கலாகவே கிடக்கும். ரோச்சைக் கண்ணிலிருந்து விலக்கி, கையை நீட்டிப் பிடித்தால் உண்மையானதும் மங்கும், ஆகவே பிடிக்கும் இடம் முக்கியம். பின்னுக்குச் சிவப்பு, முன்னுக்கு வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள். டிம் வெளிச்சம் தாழ்வாகத்தான் விழும், அதனால் ஹெல்மெற்றில் மட்டும் ஒட்டி விடாமல் பின் மட்காட்டிலும் ஒட்டுங்கள். கிறவல் ரோட்டுப் புழுதி படிந்தால் ரேப் இருந்தும் பயனில்லை, ஈரத்துணியால் ஒருமுறை துடைக்கவேண்டும். மீன் பெட்டி, பால் கான், நெல்மூட்டை ஏற்றுபவர்கள் ரேப்பைப் பெட்டியிலேயே ஒட்டவேண்டும், ஏனென்றால் வண்டியின் பின் லைற்றைச் சாமான் மறைத்துவிடும்.

இந்த ஸ்கூட்டிக்குக் கடைசியில் செய்தது: பழைய இழை பல்ப்புகள் திரும்ப உள்ளே, பியூசும் ரிலேயும் புதிதாக, தொடுப்புகள் எல்லாம் திரும்ப, முன் சோடி லைற் மட்டும் அப்படியே. கடையில் ரிலேக் காசு 950 ரூபாவைத் திருப்பித் தந்தார்கள். வண்டியோடு வந்த பிளாஷரையும் நாலு சிக்னல் லைற்றையும் கேட்டால் "எறிஞ்சாச்சு" என்றார்கள். அவற்றைக் காசு கொடுத்து வாங்கவேண்டி வந்தது. கழற்றும் சாமானை ஒரு சொப்பிங் பாக்கில் போட்டுத் தரச்சொல்லி, எண்ணி வாங்கிக்கொண்டு வாருங்கள்.